டீச்சர் சொன்னால்

டீச்சரின் வகுப்பில் அவள் கணவரே வந்து மாணவராக உட்கார்ந்த அன்று பயிற்சி மையத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. டீ கொண்டுவருகிறவர்கூடத் தட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று உள்ளே ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் போனார். கணவர் கடைசி மேசையில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ரயிலில் வேறு யாருடைய இடத்திலோ உட்கார்ந்துவிட்டவர் மாதிரி, எப்போது எழுப்புவார்களோ என்று நாற்காலியின் நுனியில் இருந்தார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் மேசைமேசையாகக் காப்பர் குழாய்த் துண்டுகளை வைத்துக்கொண்டு போனாள். அவர் மேசைக்கு வந்தபோதும் மற்றவர்களுக்கு வைத்த மாதிரிதான் வைத்தாள்.

ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு அது. முன்பு டயர் அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகையைத் தடுத்துக் கட்டிய கூடம். வெயில் நாளில் உள்ளே உட்கார்ந்தால் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். குளிர வைக்கக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் குளிருக்கு இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றுவதைவிட முனகுவது அதிகம். "முதல்ல இதை ரிப்பேர் பண்ணக் கத்துக்குடுங்க டீச்சர்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் சொல்வார். டீச்சர் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதல் தடவை கேட்பது போலச் சிரிப்பாள்.

அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வேலையிலிருந்து கழன்று விழுந்தவர்கள். அடுப்படியிலேயே பாதி ஆயுளைக் கழித்து, மிஷின் அடுப்பு வந்ததும் வெளியே அனுப்பப்பட்ட ரொட்டிக்காரர். பார்வை மங்கி லைசென்ஸ் போன டிரைவர். விடுதியில் அறை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நடுவே, படிப்பை விட்டுவிட்டு வந்த இளைஞர்கள் இரண்டு பேர். இந்த ஆட்களுக்குப் பாடம் எடுப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுப்பது போல அல்ல. புத்தகத்தைக் கண்டாலே பலருக்குச் சின்ன வயதில் வாங்கிய அடி ஞாபகம் வரும். அதனால் டீச்சர் முதல் வாரம் புத்தகத்தை எடுக்கவே மாட்டாள். குழாயையும் வெட்டுகிற கருவியையும் கையில் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பாள்.

"இதுக்கு முன்னாடி கையில என்ன பிடிச்சீங்க?"

"கரண்டி. ஆள் உசரத்துக்கு ஒரு கரண்டி, ரொட்டியை உள்ள தள்றதுக்கு" என்றார் ரொட்டிக்காரர். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

"ஸ்டீயரிங்" என்றார் டிரைவர்.

"துடைப்பத்தைத்தான், வேற என்னத்தப் பிடிக்க" என்றாள் அக்கா.

கடைசி மேசை வந்தது. டீச்சர் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் கணவர்.

கூடம் கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாள். டீச்சர் வீட்டுக்காரர் என்றால் வகுப்புக்கே மாப்பிள்ளைதானே என்பது அவள் கணக்கு.

அவர் அச்சகத்தில் மெஷின்காரராக இருந்தவர். பெரிய மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே இருந்து பழகியதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். அச்சகம் மூடிய பிறகு அந்த உரத்த பேச்சும் நின்றுபோனது. காலையில் டீச்சரும் மகளும் கிளம்பும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், மாலை திரும்பும்போதும் அப்படியே இருப்பார். இடையில் எழுந்தாரா சாப்பிட்டாரா என்பதை எச்சில் தட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்த மகள், "அப்பா இருக்காரா இல்லையான்னே தெரியலம்மா" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள்.

டீச்சர் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். எதற்கும் அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சை மாற்றினாள்.

"இந்தத் தடவை ஆள் சேரல. குறைஞ்சா வகுப்பையே மூடிருவாங்க போல. நீங்க வந்து சும்மா உக்காந்தாக்கூட எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

அவர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். "சும்மா உக்காரணும், அவ்வளவுதானே" என்றார்.

அப்படித்தான் வந்தார். முதல் சில நாள் அப்படித்தான் உட்கார்ந்தும் இருந்தார். பிறகு, குழாயின் வாயை விரிக்கிற பாடம் வந்தது. குழாயில் முதலில் நட்டைக் கோத்துவிட்டுத்தான் வாயைப் பூ மாதிரி விரிக்க வேண்டும். விரித்த பிறகு நட்டு உள்ளே போகாது. கணவர் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர், பாதியில் தன்னை மறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயை வட்டம் பிசகாமல் விரித்து முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் நட்டு மேசைமேல் கிடந்தது.

"மாப்பிள்ளை வாயைத் தொறந்துட்டு மூட மறந்துட்டாரு" என்றாள் அக்கா. சிரிப்பு அடங்கவில்லை. அவர் முகம் கறுத்தது. கருவியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று டீச்சருக்குத் தெரிந்தது. போனால் திரும்ப வரமாட்டார் என்பதும் தெரிந்தது.

"சிரிச்சது போதும். உங்கள்ல முதல் குழாய்ல நட்டை மறக்காதவங்க யாரு, கை தூக்குங்க" என்றாள். ஒருவரும் தூக்கவில்லை. "நானும் மறந்தவதான். ஐஸ் பாக்டரியில வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒண்ணு இல்ல, ஒரு கூடை குழாய். மேஸ்திரி அதையெல்லாம் சரம் கட்டி வாசல்ல தொங்க விட்டுட்டாரு."

கூடம் வேறு மாதிரிச் சிரித்தது. கணவரும் உதட்டோரம் சிரித்தார். இன்னொரு துண்டுக் குழாயை எடுத்தார்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். குழாய்க்குள் காற்றை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழ் விடுகிறது என்று பார்க்கிற பாடத்தில், எல்லோரும் கைவிட்ட ஒரு கசிவை அவர்தான் கண்டுபிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் குமிழ் வளர்ந்து வெடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொட்டிக்காரருக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. குழாயைப் பற்றவைக்கும்போது, உருகி ஒட்டுகிற கம்பியை வைக்கும் அளவுக்குச் சூடு ஏறிவிட்டதா என்று மற்றவர்கள் திண்டாடுவார்கள். ரொட்டிக்காரர் நிறத்தைப் பார்த்தே, "இப்ப வை கம்பியை" என்பார். கணவர் வைப்பார். ஜோடி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள், சேர்ந்து டீ குடித்தார்கள், வகுப்பு முடிந்தும் வாசலில் நின்று பேசினார்கள்.

வீட்டில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் தண்ணீரில் விரலை நனைத்து, சூடு எப்படி உள்ளிருந்து வெளியே போகிறது என்று மகளுக்குக் கோடு போட்டுக் காட்டினார்.

"ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்கறதில்ல, தெரியுமா? உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய கொட்டுது. அவ்வளவுதான் அதோட வேலை."

"அப்பா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரு நிமிஷம் இருடி. கம்ப்ரஸரை மட்டும் சொல்லிடறேன்."

மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. உரத்த குரலும் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மேனேஜர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மையம் நடக்க வேண்டும், தன் நாற்காலி நிலைக்க வேண்டும் என்பதற்கு மேல் அவருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. தகரத்தில் மழை அடித்த அடியில் அவர் பேசியது காதில் சரியாக விழவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி சொன்னார்.

"வகுப்பு முடிச்சவங்களை எடுத்துக்கறேன்னு சொன்ன கம்பெனி இருக்குல்ல, அங்க ஆளுங்க மாறிட்டாங்க. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல வேணாம்கறாங்க."

"அப்ப என் வகுப்புல ரெண்டே பேர்தான் தேறுவாங்க."

"தெரியும்."

"அந்த வேலையை நம்பித்தான சார் இவங்கள்லாம் வந்திருக்காங்க. இன்னைக்கே சொல்லிடறேன்."

"சொல்லுங்க. நாளைக்கு வகுப்புல நீங்களும் அந்த ரெண்டு பசங்களும் உக்காந்திருப்பீங்க. கடைசிப் பரீட்சைக்கு முக்கால்வாசிப் பேர் இல்லேன்னா அடுத்த வகுப்பு கிடையாது. வகுப்பு கிடையாதுன்னா நீங்களும் கிடையாது, நானும் கிடையாது." குரலைத் தணித்துக்கொண்டார். "பொய் சொல்லச் சொல்லல மேடம். சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். கத்துக்கிட்ட வித்தை அவங்களோடதான, அது எங்க போயிடப்போகுது? ஆளுங்களை உக்கார வைக்கறதுல உங்களை மாதிரி கெட்டிக்காரி இந்தப் பக்கத்துலயே இல்ல. அதை மட்டும் பண்ணுங்க."

டீச்சர் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்லிவிடுவது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் மழையில் நடந்தாள். வீட்டில் அவர் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளாக அவர் அடுப்பைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"உக்காரு, நனைஞ்சுட்ட. இன்னைக்கு ரொட்டிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? கம்பெனியில எங்க ரெண்டு பேரையும் ஒரே சர்வீஸ் வண்டியில போடச் சொல்லிக் கேப்போம்கறாரு. அவரு சூடு பாக்க, நான் கசிவு பாக்க."

டீச்சர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள். துவட்டி முடித்தும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அக்கா, வீட்டில் யாரும் இதுவரை தன்னை மதித்ததில்லை என்றும் இப்போது மருமகன் தன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான் என்றும் பெருமையாகச் சொன்னாள். அடுத்த நாள் டிரைவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சொல்கிற வேளை ஒன்று இருந்தது, அது கடந்துபோய்விட்டது என்பதை டீச்சர் மெல்லப் புரிந்துகொண்டாள். வகுப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. முன்பைவிட நன்றாக எடுத்தாள். யாரும் அசந்து உட்காரவில்லை. ஒருவரும் வகுப்பை விட்டு நிற்கவில்லை.

ஒரு டீ வேளையில் ரொட்டிக்காரர் அவளிடம் வந்தார். மழைக்கு ஒதுங்கி வாசலோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கணவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். பழைய முதலாளிக்குத் தெரிஞ்சவரு ஒரு பேக்கரி திறக்கறாரு. விறகு அடுப்பு. என்னை வரச் சொல்றாரு. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவ போகச் சொல்றா. தெரிஞ்ச வேலை, யாரு கையையும் எதிர்பாக்க வேணாம்கறா. ஆனா அடுப்புக்கு முன்னாடி நின்னு நின்னு என் நெஞ்சு போயிடுச்சு டீச்சர். இங்க வந்த பெறகுதான் இருமல் நின்னுது. நீங்க சொல்லுங்க. போகவா, இதை முடிக்கவா?"

டீச்சரின் கண் தன்னையறியாமல் கணவர் பக்கம் போனது. அவர் இவர்கள் இருவரையும் மலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க" என்றாள். "உங்க கை சூடு அறிஞ்ச கை. இந்த வேலைக்கு அது லேசுல அமையாது. முடிக்கிற நேரத்துல விட்டா, பின்னாடி உங்க மனசே உங்களைக் கேக்கும்."

அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. வேலை கிடைக்கும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"போகாதய்யா" என்றார் கணவர், ரொட்டிக்காரரின் தோளில் கை போட்டு. "அவ சும்மா சொல்ற ஆளில்ல. என்னையே இழுத்துக் கொண்டாந்து உக்கார வச்சவ."

ரொட்டிக்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். கணவர் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "சரி. டீச்சர் சொன்னா சரிதான்" என்று மிச்ச டீயைக் குடித்தார்.

பரீட்சை நல்லபடியாக நடந்தது. எல்லோரும் தேறினார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் பளபளக்கிற ஷூவோடு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பற்றவைத்த இணைப்புகளை விரலால் தடவி, "நல்ல வேலை" என்றார். அது ரொட்டிக்காரர் செய்தது. பிறகு அந்த இரண்டு இளைஞர்களை மட்டும் தன்னோடு வரச் சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்கள் தங்களை அடுத்தபடியாகக் கூப்பிடுவார்கள் என்று மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"நாங்க எப்ப சார்?" என்று டிரைவர் கேட்டார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வயது, மேலிடம், முடிவு என்று என்னவோ சொன்னார். சான்றிதழ் எல்லோருக்கும் உண்டு என்றார். டிரைவர் விடவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார். இத்தனை நாளா எங்களை எதுக்கு உக்கார வச்சீங்க?"

"நான் மறைக்கலையேப்பா. விஷயம் வந்த அன்னைக்கே மேடத்துகிட்டச் சொல்லிட்டேன்."

அத்தனை தலைகளும் திரும்பின. யாராவது கத்தியிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் கத்தவில்லை.

"தெரிஞ்சேவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

ரொட்டிக்காரர் தன் மேசையைத் துடைத்தார். கருவிகளை அதனதன் இடத்தில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணவர் அவர் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினார். ரொட்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மகள் தட்டுகளை எடுத்து வைத்தாள். கணவர் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மழை ஆரம்பிச்சப்ப."

"ரொட்டிக்காரர் வந்து கேட்டது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"பக்கத்துல நின்னு நான் ஒத்து ஊதினேன்."

"உங்களுக்குத் தெரியாதே."

"அதான் சொல்றேன். எனக்குத் தெரியாது. ஆனா அவரு என் மூஞ்சியப் பாத்துதான் சரின்னாரு. வீட்டுக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சிருப்பாரு."

டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்காகத்தான் சொல்லாம இருந்தேன். மாசக்கணக்கா சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தீங்க. எழுந்து நடமாட ஆரம்பிச்சதைப் பாத்தப்புறம் எனக்கு மனசு வரல."

"படுத்துத்தான் கிடந்தேன். யாரையும் ஏமாத்தல."

"அம்மா மேல மட்டும் தப்பில்லப்பா" என்றாள் மகள்.

"நீ சாப்பிடு." அவர் குரல் உயரவில்லை. அச்சக நாளிலிருந்து உரத்தே பேசிப் பழகிய மனிதர் அவ்வளவு தணிந்து பேசி டீச்சர் கேட்டதே இல்லை. "ஐஸ் பாக்டரியில நட்டை மறந்தேன்னு சொன்னியே. நெஜமா?"

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"வகுப்புக்கு வகுப்பு சொல்வியா?"

"யாராவது மனசு விட்டுட்டா சொல்வேன்."

"ஆள் குறையுது, ஒத்தாசைக்கு வாங்கன்னு என்னைக் கூப்பிட்டியே, அது?"

"அது பாதி நிஜம்."

"மீதி?"

"பெரியவங்களைப் படிக்க வாங்கன்னா வரமாட்டாங்க. உதவிக்கு வாங்கன்னா வருவாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். பாடம் புரிந்துவிட்ட மாணவர் ஆட்டுவதைப் போலவே இருந்தது அது. "என்கிட்ட இத்தனை வருஷமா நல்லபடியாப் பேசினதுல எது நீ பேசினது, எது டீச்சர் பேசினது? இனிமே உக்காந்து பிரிச்சுப் பாக்கணும் நான்."

"ரெண்டும் நான்தானங்க."

"இருக்கலாம். எனக்கு இப்பப் பிரியல" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று அம்மாவும் மகளும் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. அடுத்த வாரமே காகிதக் கோடவுனில் பண்டல் தூக்குகிற வேலைக்குப் போனார். காலையில் கிளம்புவார், மாலையில் வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். மேசையில் கோடு போட்டு எதையும் விளக்கவில்லை.

டீச்சருக்கு அடுத்த வகுப்பு கிடைத்தது. ஆனால் அவள் சாயங்காலங்களில் கடைகடையாக ஏறி இறங்கினாள். வயது கேட்காத இடம் ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். பலர் முகம் கொடுத்தே பேசவில்லை. கடைசியில் பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற ஒருவர், குழாய் பற்றவைக்கத் தெரிந்த நிதானமான ஆள் ஒருவர் வேண்டும் என்றார். ஒரே ஒரு ஆள்தான்.

அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். எந்தப் பூச்சும் இல்லாமல், சின்னக் கடை, சம்பளம் கம்மி என்றே சொன்னாள்.

"எனக்கு வேணாம்" என்றார் அவர். "ரொட்டிக்காரர்கிட்டப் போய்ச் சொல்லு."

"நீங்களும் வாங்களேன்."

"நான் ஒரு தடவை வந்தது போதும்."

ரொட்டிக்காரர் வீடு மேட்டுத் தெருவில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஓர் அறை. அவர் மனைவி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கிற வரை நின்றாள்.

"அவரு பெட்ரோல் பங்க்ல வண்டி கழுவறாரு. வர்ற நேரம்தான்" என்றாள். "அதுக்குள்ள நீங்க கிளம்பிட்டா நல்லது."

"நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன்மா. ஒரு கடையில ஆள் கேக்கறாங்க. நானே பாத்துப் பேசிட்டு வந்தேன்."

"இருக்கட்டும்."

"பேக்கரியில இன்னும் இடம் இருக்கான்னு கேட்டுப் பாத்தேன். அங்க வேற ஆள் போட்டுட்டாங்க."

"தெரியும். நான் அப்பவே போய்க் கேட்டேன்."

டீச்சர் நாற்காலியில் முன்னே நகர்ந்தாள். "இது நிஜம்மா" என்றாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. உங்களைத் திட்டவும் இல்ல." அவள் ஒரு சட்டையை மடித்து வைத்து, கையால் அழுத்தினாள். "நீங்க பேசினா அவரு நம்பிருவாரு. அது அவரு சுபாவம். வகுப்புல சேர்ந்த புதுசுல, ராத்திரி படுத்தாக்கூட உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. டீச்சர் இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்கன்னு. இப்பதான் எதையும் நம்பாம இருக்கப் பழகியிருக்காரு. மறுபடியும் கிளப்பி விட்டுட்டுப் போயிடாதீங்க."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தெருவில் இறங்கி, கீழே போகிற திருப்பத்தில் வரும்போதே ரொட்டிக்காரர் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை நனைந்த கால்சட்டை. ஆள் இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"டீச்சர், வீட்டுக்கா வந்துட்டுப் போறீங்க?"

"ஆமா."

"மாப்பிள்ளை நல்லா இருக்காரா?"

"இருக்காரு. கோடவுன்ல வேலை."

ரொட்டிக்காரர் இருமினார். பழைய இருமல் இல்லை, ஈரத்தில் நின்று வந்த இருமல். டீச்சர் ஒரு கணம் மேலே அந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு கடையில ஆள் கேக்கறாங்க. பழைய ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவரு. சம்பளம் நீங்க இப்ப வாங்கறதைவிடப் பெரிசா ஒண்ணும் இருக்காது. கடை எத்தனை நாள் ஓடும்னு எனக்குத் தெரியல. ஒருத்தருக்குத்தான் இடம். அவரு உங்களை எடுத்துக்குவாரான்னும் உறுதியாச் சொல்ல முடியாது."

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"போகலாமா டீச்சர்? நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் முடிவு பண்ணணும்."

ரொட்டிக்காரர் சிரித்தார். "இப்படிச் சொன்னா யாரு டீச்சர் போவா?" ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இங்க ஒரு வேலை இருக்கு. கையில இருக்கறதை விட்டுட்டுப் போகணும்னா ஒரு தெம்பு வேணும்ல. பழைய மாதிரி ஒரு தடவை சொல்லுங்க. வகுப்புல பேசுவீங்களே, அந்த மாதிரி. நாளைக்கே போயிடறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். முகத்தை அவள் பக்கம் லேசாகச் சாய்த்து, முன் மேசையில் உட்கார்ந்து கேட்பது போலக் காத்திருந்தார்.

டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் அவர் நிமிர்வார் என்பதுவரை தெரியும். இந்த முறை சொல்வதில் பொய்யும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ரொட்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்ல டீச்சர்" என்றார். "இருட்டிக்கிட்டு வருது. பாத்துப் போங்க." பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, மேட்டில் ஏறிப் போனார்.

பழைய ஃப்ரிட்ஜ் கடைக்காரர் இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து வேலை பழகாத வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்.